நாட்செலவும் ஊர்தித் தேர்வும்: தமிழகப் போக்குவரத்து வரலாற்றில் ஓர் ஆய்வு

தமிழில் 'செலவு' என்னும் சொல் இருபொருள் தருவது. ஓரிடத்தினின்று பிறிதோரிடம் செல்லுதலும் செலவு. கைப்பொருள் கழிதலும் செலவு. சங்கச் சான்றோர் முதற்பொருளிலேயே இச்சொல்லைப் பெரிதும் ஆண்டனர். பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் தலைவியின் ஆற்றாமை கண்டு பிரியாது தங்குதலைச் 'செலவழுங்கல்' என்று அகத்துறை வகுத்தோர் குறித்தமை யாவரும் அறிந்ததே. பிற்காலத்தே இரண்டாம் பொருள் ஓங்கிற்று. முதற்பொருள் நூல்வழக்கில் ஒடுங்கிற்று. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் நிற்றல் இக்கட்டுரைக்கு நல்லதொரு வாயில். ஒருவர் எங்குச் செல்லினும் ஏதேனும் ஒன்று செலவாகின்றது. காலின் வலிமையோ, காளையின் வலிமையோ, நிலக்கரியோ, எண்ணெயோ செலவாதல் திண்ணம். அச்செலவு யார் கணக்கில் எழுதப்பெறுகின்றது என்பதே யாம் ஈண்டு எழுப்பும் வினா.

காற்றை மாசுபடுத்தாத ஊர்திகளை மக்கள் விரும்பித் தேர்ந்து, அலுவலுக்கும் கல்விக்கும் கடைக்கும் செல்லும் நாட்செலவை நடத்துதல் வேண்டும் என்று இன்று பலரும் அறிவுறுத்துகின்றனர். அறிவுரை நன்றே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியின் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமிலவாயு வெளிப்படும். எரியும் எண்ணெயின் எடையினும் வெளிப்படும் வாயுவின் எடை மிகுதற்குக் காரணம், காற்றிலுள்ள உயிர்வாயுவும் அதனொடு கூடுதலேயாம். இவ்வாறு நாள்தோறும் ஒரு நகரத்தார் அனைவரும் சேர்ந்து வானிற் செலுத்தும் பொருள் சிறிதன்று. ஆயின் அறிவுரை கூறுவோர் 'தேர்தல்' என்னும் சொல்லை ஆளும் முறையை ஆராயாது ஏற்றல் இயலவில்லை. தேர்தற்கு இரண்டேனும் முன்னே இருத்தல் வேண்டும். அவ்விரண்டையும் மக்கள் முன் வைப்பவர் யார், எடுத்துச் செல்பவர் யார் என்பதை வரலாறே காட்டவல்லது. கடந்த இருநூறாண்டுத் தமிழகப் போக்குவரத்தில் சில பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு இதனை நோக்குவோம்.

பழங்காலத்தைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. தொல்காப்பிய உரையாளர் பிரிவைக் காலிற் பிரிவு, கலத்திற் பிரிவு என இரண்டாகப் பகுத்தனர். நடையும் தேரும் வண்டியும் முன்னதில் அடங்கும். மரக்கலம் பின்னதில் அடங்கும். உமணர் உப்பேற்றிச் செல்லும் வண்டியின் உறுப்புக்களைப் பெரும்பாணாற்றுப்படை நுணுகி வருணிக்கின்றது. உப்புக்கு விலையாகப் பெற்ற நெல்லொடு வந்த படகுகள் காவிரிப்பூம்பட்டினத்துக் கழியோரத்தில் கட்டப்பெற்றுக் கிடந்தமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. இவற்றுள் யாதும் புகை கக்குவதன்று. ஆயினும் அக்காலத்தார் சூழலைப் பேணும் கருத்தினால் இவற்றைத் தேர்ந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. வேறொன்றும் இல்லாமையால் கொண்டதைத் தேர்வு என்னல் ஆகாது. பழமையைப் போற்றுவார் சிலர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

தேர்வு என்று கூறத்தக்க நிலை சென்னையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் தொடங்குகின்றது. அதற்கு முதற்சான்று பக்கிங்காம் கால்வாய். 1806ஆம் ஆண்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பெற்ற இக்கால்வாய் முதலில் காக்ரேன் என்பார் பெயரால் வழங்கிற்று. பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீட்டப்பெற்றது. தாது ஆண்டுப் பெரும்பஞ்சம் நாட்டை வாட்டியபோது, 1877-78இல், பஞ்ச நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பெற்றது. பசித்த மக்களின் கைகள் வெட்டிய அவ்வாய்க்காலுக்கு ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பெற்றமை அக்கால வழக்கம். இன்றைய ஆந்திர மாநிலத்துப் பெத்தகஞ்சாம் முதல் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளமுள்ள இந்நீர்வழியில் விறகும் உப்பும் பிறவும் படகேறி நகருக்கு வந்தன. பாயும் துடுப்பும் கரையிலிருந்து இழுக்கும் கயிறுமே அப்படகுகளைச் செலுத்தின.

இக்கால்வாய் வீழ்ந்தமைக்குக் காரணம் ஒன்றன்று. இருப்புப்பாதை வந்தது, பின்னர்ச் சாலையும் சரக்குந்தும் வந்தன. 1965, 1966ஆம் ஆண்டுகளில் அடித்த புயல்கள் கரைகளைச் சிதைத்தன. நகர்க் கழிவு நீர் கலந்தது, தூர் சேர்ந்தது. படகோட்டியும் வணிகனும் ஒருநாள் கூடி, இனிப் படகு வேண்டா என்று தேர்ந்திலர். வழி தூர்ந்தது, வழியோடு தேர்வும் தூர்ந்தது. இவ்வடிவம் மேலும் பலகால் மீண்டும் வருதலைக் காண்போம்.

இனி, இக்கட்டுரையின் நடுவிடம் பெறுதற்குரியது டிராம் வண்டி. 1895ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. இந்தியாவில் மின்சாரத்தால் இயங்கிய டிராம்களுள் இதுவே முதலாவது. கல்கத்தாவில் 1873இலேயே குதிரை பூட்டிய டிராம் ஓடிற்றாயினும் அங்கு மின்சாரம் வந்தது 1902இல், பம்பாயில் 1907இல். தொடக்கத்தில் சென்னை டிராமுக்கு மின்சாரம் தரையின் கீழே அமைந்த குழியின் வழியாகவே வந்தது. மழைக்காலத்தில் வெள்ளம் அக்குழியில் புகுந்து தொல்லை விளைத்தமையால் பின்னர் மேலே கம்பி கட்டும் முறைக்கு மாறினர். ஐப்பசி, கார்த்திகை மழையை அறியாதார் வகுத்த திட்டம் சென்னையிடம் பாடம் கற்ற செய்திகள் பல. அவற்றுள் இதுவும் ஒன்று. மவுண்ட் ரோடு, பாரிமுனை, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை முதலிய இடங்களில் தண்டவாளங்கள் பதிந்தன. 1921ஆம் ஆண்டளவில் 24 கிலோமீட்டர்ப் பாதையில் 97 வண்டிகள் ஓடின.

டிராமின் சிறப்பை இயற்பியல் வழியே எளிதில் உணரலாம். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது எழும் தடை, ரப்பர்ச் சக்கரம் சாலையில் உருளும்போது எழுவதினும் பன்மடங்கு குறைவு. ஆதலின் சிறிய ஆற்றலால் மிகப் பலரை இழுத்தல் கூடும். ஆயினும் அது முற்றும் மாசற்ற ஊர்தி என்று யாம் கூறமாட்டோம். அந்நாளில் சென்னையில் மின்சாரம் நிலக்கரியை எரித்தே எடுக்கப்பெற்றது. புகை தெருவில் இல்லை. மின்னிலையத்துப் புகைபோக்கியில் இருந்தது. இன்றைய மின்னூர்திகளைப் புகழ்வாரும் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் நன்று.

டிராமை மக்கள் எவ்வாறு தேர்ந்தனர் என்பதற்கு இலக்கியச் சான்று ஒன்று உண்டு. புதுமைப்பித்தன் 1943இல் வெளியிட்ட 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் சிறுகதையின் தொடக்கம் ஓர் ஊர்தித் தேர்வேயாகும். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் நிற்கும் கந்தசாமிப் பிள்ளை, திருவல்லிக்கேணியிலுள்ள தம் வீட்டிற்கு டிராமில் செல்வதா, பஸ்ஸில் செல்வதா என்று எண்ணுகின்றார். டிராமில் சென்றால் மிஞ்சும் காசுக்கு வெற்றிலை பாக்குப் போடலாம். பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரை ஏய்த்துச் சிறிது தொலைவு கடந்தபின் சீட்டு வாங்கினால் மிஞ்சுவதைக்கொண்டு அரைக்கோப்பைக் காப்பி குடிக்கலாம். இதுவே அவர்தம் ஆராய்ச்சி. இப்பகுதியை நகைச்சுவை என்று கூறிக் கடந்து செல்வார் பலர். போக்குவரத்து வரலாற்று மாணவர்க்கோ இது மதிப்பு மிக்க ஆவணம். 1940களின் சென்னையில் நடுத்தரக் குடும்பத்தான் ஒருவன் தன் நாட்செலவைக் காலணாக் கணக்கில் தீர்மானித்தான் என்பதும், ஒரே சந்தியிலிருந்து ஒரே ஊர்ப்பகுதிக்கு இருவகை ஊர்தி அவனுக்குக் கிட்டின என்பதும், காற்றின் தூய்மையோ எரிபொருளின் அளவோ அவன் நெஞ்சில் தோன்றவில்லை என்பதும் ஒருங்கே பெறப்படுகின்றன. அவனைக் குறை கூறுதல் தகுமோ? மாசு குறைந்த ஊர்தி காலணா மலிவாயிருந்த வரையில் அவன், அறிந்தோ அறியாமலோ, அதன் பக்கம் சாய்தற்கு இடமிருந்தது. அத்தகைய நிலையை உண்டாக்குதலே ஒரு நகராட்சிக்கு அழகு.

அந்நிலை நெடுநாள் நிலைக்கவில்லை. 1920களின் பின் மோட்டார்ப் பேருந்துகள் பெருகின. டிராம் வண்டி தான் செல்லும் வழியைத் தானே இட்டுத் தானே பேண வேண்டியிருந்தது. பேருந்தோ பொதுப்பணத்தில் அமைந்த சாலையில் எளிதின் ஓடிற்று. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டு டிராம்வேச் சட்டம் இவ்வேற்றத்தாழ்வை எழுத்திலேயே பொறித்தது: தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட சாலையையும், இருபுறத்தும் 18 அங்குல அகலத்தையும் டிராம்க் குழுமமே செப்பனிட வேண்டும் என்பது அதன் விதி. குதிரையின் குளம்பு சாலையைத் தேய்த்த காலத்தில் அவ்விதி நேரியது. குதிரை போய் மின்சாரம் வந்தபின்னும் அது நின்றது. அதன் விளைவு யாதெனின், டிராம் தன் பகைவனாகிய மோட்டாருக்குத் தன் காசில் சாலை அமைத்துக் கொடுத்தமையே. வேறு நாட்டுச் சட்டமாயினும் டிராம் எங்கும் ஒத்த இடர்ப்பாட்டிற்கு உள்ளாயிற்று என்பதைத் தெளிவிக்கவே இதனை எடுத்துக்காட்டினோம்.

சென்னையில் 1947-48இல் அரசே நகரப் பேருந்துகளை ஏற்று நடத்தத் தொடங்கிற்று. மறுபுறம், டிராம்க் குழுமம் 1950ஆம் ஆண்டளவில் கடனில் மூழ்கிற்று. 1953ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் டிராம் நின்றது. ஐம்பத்தெட்டாண்டு ஓடிய வண்டிகள் மீண்டும் வெளிவரவில்லை, தண்டவாளங்கள் மறைந்தன. டிராம் தெருவை அடைத்தது, விரைவின்றி ஊர்ந்தது என்று கூறி அதன் மறைவை இயற்கையென்பார் உளர். அவர் கூற்று ஓரளவே உண்மை. அதே நூற்றாண்டில் வியன்னாவும் மெல்போர்னும் தம் டிராம்களைக் காத்துப் புதுக்கிக்கொண்டன. அந்நகர்த் தெருக்களிலும் மோட்டார் பெருகவே செய்தது. ஆதலின் தெரு நெருக்கம் ஒன்றே காரணமாதல் இல்லை. சென்னையில் டிராமின் கணக்கு ஒரு தனிக்குழுமத்தின் வரவு செலவுக் கணக்காகவே முடிந்துவிட்டது. டிராம் ஓடுவதால் நகரம் பெற்ற நன்மை எந்த ஏட்டிலும் வரவாக எழுதப்பெறவில்லை. டிராம் நின்றதால் எரியப்போகும் எண்ணெய் எந்த ஏட்டிலும் செலவாக எழுதப்பெறவில்லை. கந்தசாமிப் பிள்ளையின் கணக்கில் வெற்றிலையாவது இடம்பெற்றது!

ஈண்டு ஒரு தடையை எழுப்பி விடுத்தல் வேண்டும். புகையின்மையே ஊர்தியின் அளவுகோலாயின், மனிதன் இழுத்த ரிக்ஷாவினும் சிறந்தது ஒன்றில்லை. மேற்கூறிய கதையில் கந்தசாமிப் பிள்ளையும் கடவுளும் இறுதியில் அதில் ஏறியே வீடு செல்கின்றனர். எண்ணெய் வேண்டா, கரி வேண்டா. ஒருவன் மூச்சே வேண்டும். கையால் இழுக்கும் ரிக்ஷாவைத் தமிழக அரசு 1973ஆம் ஆண்டில் ஒழித்து, இழுத்தவர்க்குச் சைக்கிள் ரிக்ஷாக்களை வழங்கிற்று. அன்று அதனை ஒழித்தவர் காற்றின் தூய்மையைக் கருதவில்லை. மனிதனை மனிதன் விலங்காகப் பூட்டுதலின் இழிவையே கருதினர். அவர் செய்தது முற்றும் சரியே. எண்ணெயின் செலவை மட்டும் எழுதி மனிதனின் செலவை விடுப்பதும் குறைக்கணக்கேயாகும்.

டிராமோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் மின்சார ரயில். தென்னிந்திய இருப்புப்பாதைக் குழுமம் மீட்டர்ப் பாதையில் 1,500 வோல்ட்டு நேர்மின்னோட்டத்தால் இயக்கிய இவ்வண்டிகள் 1931ஆம் ஆண்டில் மக்கள் ஏறத் தொடங்கின. ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை இன்றைய சென்னையின் தென்பகுதியை உருவாக்கிற்று என்னல் மிகையாகாது. மாம்பலம், சைதாப்பேட்டை, பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய ஊர்கள் நிலையங்களை நோக்கி முகம் திருப்பி வளர்ந்தன. 1920களில் தோன்றிய தியாகராய நகர் மாம்பலம் நிலையத்தின் அருகே அமைந்தமையும் கருதத்தக்கது. மீட்டர்ப் பாதை வண்டிகள் 2004இல் ஓய்வு பெற்றபோதும் வழி மறையவில்லை. அகலப் பாதை அதன் இடத்தை எய்திற்று. டிராம் மறைந்ததும் இது நிலைத்ததும் ஏன்? மக்கள் மனநிலை வேறு என்று கொள்ளுதற்கு இடமில்லை. இரண்டிலும் ஏறியவர் அதே நகரத்தாரே. ரயிலுக்குத் தனிவழி இருந்தது, நெடுந்தொலைவு வண்டிகளும் அவ்வழியையே சார்ந்தன, நட்டம் வந்தவிடத்து அரசு தாங்கிற்று. வேற்றுமை இவ்வளவே.

சொல் வரலாறும் இங்குச் சிறிது துணைசெய்கின்றது. நீராவி வண்டி வந்த காலத்தில் தமிழர் அதற்கிட்ட பெயர் 'புகைவண்டி' என்பது. அதன் விரைவையோ இரும்பையோ நோக்காது புகையை நோக்கிப் பெயரிட்டனர். இருப்பூர்தி, தொடர்வண்டி என்பன பின்னர் எழுந்த ஆக்கங்கள். சென்னை நகரத்தார் புறநகர் வண்டியை 'மின்சார ரயில்' என்றே இன்றளவும் வழங்குவர். நெடுந்தொலைவு வண்டிகளும் மின்சாரத்தால் இயங்கத் தொடங்கிய பின்னும் அப்பெயர் இதற்கே உரியதாய் நின்றது. பெட்ரோலால் இயங்கும் ஊர்திக்கோ மோட்டார், உந்து, பேருந்து, மகிழுந்து என்று பெயர்கள் அமைந்தன. அவற்றுள் எதிலும் புகையின் சாயல் இல்லை. எண்ணெய்ப் புகை நீராவிப் புகைபோலக் கண்ணுக்குத் தெரியாமையே காரணமாதல் கூடும் என்று கருதுகின்றோம்.

நகரை விட்டு நாட்டுப்புறம் செல்வோமாயின் நடுவே நிற்பது மிதிவண்டி. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தோன்றிய பின் மிதிவண்டி தமிழகத்தின் சொந்தப் பொருளாயிற்று. ஆயினும் நெடுங்காலம் அது ஆடவர் ஊர்தியாகவே இருந்தது. பாதை இருந்தது, வண்டி இருந்தது. பாதி மக்களுக்கு அதில் ஏறும் உரிமை வழக்கத்தில் இல்லை. இந்நிலை புதுக்கோட்டை மாவட்டத்தில் மாறிய வரலாறு பெரிதும் போற்றத்தக்கது. 1991இல் அங்கு அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் மிதிவண்டி ஓட்டுதலையும் அவ்வியக்கத்தின் ஒரு பகுதியாக்கினார். இயக்கத்தில் உழைத்த மகளிர் வண்டி வாங்க வங்கிக் கடன் கிடைக்கச் செய்யப்பெற்றது. பதினெட்டுத் திங்களில் ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட நாட்டுப்புற மகளிர் மிதிவண்டி ஓட்டக் கற்றனர் என்றும், அவருள் எழுபதினாயிரத்தின் மேற்பட்டோர் பொதுவிடத்தில் ஓட்டிக் காட்டினர் என்றும் இதழாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். மகளிர்க்குரிய வண்டிகள் போதாமையால் ஆடவர் வண்டியையே பலர் ஓட்டினர். அதன் குறுக்குத் தண்டில் குழந்தையை இருத்திக்கொள்ளலாம் என்பதனால் அதனையே விரும்பினாரும் உண்டு.

இம்மகளிர் யாரும் சூழலைக் காக்கும் பொருட்டு மிதிவண்டி ஏறவில்லை. பேருந்துக்காகக் காத்துக் கிடக்கும் பொழுது குறைந்தது. கொண்டுவிடுதற்குத் தந்தையையோ கணவனையோ எதிர்நோக்கும் நிலை நீங்கிற்று. கல் உடைக்கும் இடத்திற்கும் வயலுக்கும் சந்தைக்கும் தாமே செல்ல முடிந்தது. எள்ளி நகைத்த ஆடவரும் இருந்தனர். அதனைப் பொறுத்தே அவர் கற்றனர். பின்னர் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்குத் தமிழக அரசு மிதிவண்டி வழங்கத் தொடங்கிய திட்டமும் பிற மாணவர்க்கு அது விரிந்தமையும் இதே வழியில் அடுத்த அடி எனலாம். நாட்செலவு பற்றிய ஆராய்ச்சியில் இதன் சிறப்பு யாதெனின், ஈண்டு வண்டியோ சாலையோ புதிதன்று. தடையாய் நின்ற வழக்கமே அகற்றப்பெற்றது. தேர்வை மறைத்து நிற்பன தூர்ந்த கால்வாயும் பெயர்த்தெடுத்த தண்டவாளமும் மட்டும் அல்ல.

இதற்கு நேர்மாறான நிலையை அதே ஆண்டுகளில் பாக்கு நீரிணைக்கு அப்பால் காண்கின்றோம். யாழ்ப்பாணத்தில் மிதிவண்டிக்குத் துவிச்சக்கரவண்டி என்பது பெயர். அங்கு அது முன்னரே ஆண் பெண் இருபாலாரும் ஓட்டிய ஊர்தி. 1990இல் போர் மூண்டபின் ரயில் யாழ்ப்பாணம் வருதல் நின்றது. வடபகுதிக்குப் பெட்ரோல் முதலிய பொருள்கள் செல்லத் தடை விதிக்கப்பெற்றது. சில துளிப் பெட்ரோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயால் ஓட்டப்பெற்ற பழைய மோட்டார்கள் தவிர எஞ்சியோர்க்கெல்லாம் துவிச்சக்கரவண்டியே கதியாயிற்று. ஆசிரியரும் மருத்துவரும், விறகு சுமப்பாரும் நோயாளியை ஏற்றிச் செல்வாரும் அதனையே மிதித்தனர். வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். எரிபொருள் செலவு மட்டும் கொண்டு அளப்பின் அந்நகர் உலகிற்கே எடுத்துக்காட்டாகும். அங்கு வாழ்ந்தார் யாரும் அதனை அவ்வாறு கொள்ளார். ரயில் 2014ஆம் ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்தை மீண்டும் எய்தியபோது மக்கள் நிலையத்தில் திரண்டு வரவேற்றனர். புதுக்கோட்டையிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடியது ஒரே வகை வண்டி. ஓரிடத்தில் அது விடுதலை, பிறிதோரிடத்தில் முற்றுகையின் அடையாளம். மிதிவண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒரு நாட்டின் போக்குவரத்தை மதிப்பிடும் ஆய்வாளர் இவ்விரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுவர்.

மீண்டும் சென்னைக்கு வருவோம். 1995ஆம் ஆண்டு நவம்பரில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் ஓடத் தொடங்கிற்று. 1997இல் மயிலாப்பூரையும் 2007இல் வேளச்சேரியையும் எய்திற்று. மாசு குறைந்த நாட்செலவுக்கு இது பெருந்துணை. ஆயின் இதன் தூண்கள் நின்ற இடம் யாது? நகருட் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் நெடும்பகுதியே. நிலம் எடுக்கும் இடர் குறையும் என்று கால்வாய்க்குள்ளும் அதன் கரையிலும் தூண்கள் நாட்டப்பெற்றன. பஞ்சத்தில் வெட்டிய நீர்வழி அங்கு மீண்டும் படகு செல்லும் வழியாதல் அரிதாயிற்று. வெள்ளநீர் ஓடும் அகலமும் குறைந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது இக்கால்வாய் பல இடங்களில் நீரைத் தாங்கிக் கடற்கரை ஊர்களைக் காத்தது என்பதை நினைவிற் கொள்ளின், பழைய வழியைக் கொன்று புதிய வழியை அமைத்தல் நல்ல கணக்கா என்னும் ஐயம் எழாமற் போகாது. ஒரு நல்வழியை அமைத்தற்கு மற்றொரு நல்வழியே விலையாக வேண்டும் என்னும் விதி எங்கும் இல்லை. மோட்டார்ச் சாலையின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும் துணிவு அன்று திட்டமிட்டார்க்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கட்டணத்தின் ஆற்றலுக்கு அண்மைச் சான்று 2021ஆம் ஆண்டு மே மாதம் வந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம் என்று தமிழக அரசு ஆணையிட்டது. வீட்டு வேலைக்குச் செல்வாரும் கட்டட வேலை செய்வாரும் பூ விற்பாரும் அப்பேருந்துகளில் நிறைந்தனர். கந்தசாமிப் பிள்ளையின் காலணாக் கணக்கு எழுபத்தெட்டாண்டு கழித்து வேறோர் உருவில் அரசாணையாயிற்று என்று கூறலாம். நடந்தே சென்றாருட் சிலரும் பேருந்தேறினர்; அதனால் எண்ணெய்ச் செலவு குறைந்திலது என்று கணக்கிடுவார் கணக்கிடுக. இரண்டு மைல் வெயிலில் நடந்தவர் இருக்கையில் அமர்ந்தமையை இழப்பென்று எழுதும் ஏட்டை யாம் ஏற்கமாட்டோம். பின்னர் 2025 ஜூன் மாதம் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் தெருவுக்கு வந்தன. டிராம் நின்று எழுபத்திரண்டு ஆண்டுகள் சென்றபின், மக்களை ஒருங்கே ஏற்றிச் செல்லும் மின்னூர்தி நகரத் தெருவில் பேருந்துக் கழகத்தின் பெயரால் மீண்டும் ஓடிற்று. தண்டவாளம் இல்லை, சக்கரம் ரப்பர். உருளும் தடையில் டிராம் தந்த நன்மை மட்டும் திரும்பவில்லை.

முடிக்குமுன் வேளச்சேரியைப் பற்றி ஒரு செய்தி. அங்கிருந்து பரங்கிமலை வரை பறக்கும் ரயிலை நீட்டும் பணி 2008இல் தொடங்கிற்று. முழு நீளம் ஐந்து கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நிலம் பற்றிய வழக்கினால் பணி பத்தாண்டுக்கு மேல் நின்றது. 2022இல்தான் மீண்டும் தொடங்கிற்று. தாம்பரம் வழியையும் வேளச்சேரி வழியையும் இணைத்தற்கு இருந்த குறை அத்துணையே. அவ்வாண்டுகளில் வேளச்சேரியில் குடியேறி, கிண்டியிலோ பல்லாவரத்திலோ அலுவல் பெற்ற ஒருவர், தலைக்குமேல் தூண்கள் பாதியில் நிற்பதைக் கண்டவாறே கீழே நெருக்கடியில் ஊர்ந்தார். சில திங்கள் பொறுத்தார். பின்னர்த் தவணைமுறையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினார். வாங்கியபின் அதற்குரிய தவணை தீரும்வரை அவர் ரயிலுக்குத் திரும்புதல் எளிதன்று.